மில்லி செகண்டிலிருந்து மீட்டருக்கு: ரிக்கில் வெடித்த வெடி பற்றி மோல்மேன் தம்பிக்கு

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் கடலில் காஸ் தேடிக் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில் ரவுஸ்டபவுட், அதாவது டெக்கில் எடுபிடி வேலை செய்பவர். லீவில் வந்தபோது ஒரு சம்பவம் சொன்னாராம். பாதி ஆழத்தில் போர் போடுவதை நிறுத்தினார்கள், கம்பியில் ஒரு கருவியைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள், கிரேனில் இரும்பு உருளை ஒன்றைக் கடலில் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க வெடித்தார்கள், மறுநாள் கேசிங் (கிணற்றுச் சுவரை மூடும் இரும்புக் குழாய்) இறக்கும் ஆழத்தையே மாற்றிவிட்டார்கள். தம்பியின் கேள்வி: "சயா, கப்பல் விட்டு அவ்வளவு காசு செலவழித்து எடுத்த சர்வே அப்போ பொய்யா? இந்த வெடி காஸ் இருக்கும் இடத்தைக் காட்டிவிடுமா?" அண்ணனுக்கு வேலை நிலைக்குமா என்பதும் கேள்வியின் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ரங்கூனில் பிறந்தவன். இருபது வருடத்துக்கு மேல் வயர்லைன் யூனிட்டில் உட்கார்ந்து இதே வேலைதான் செய்தேன்: கிணற்றுக்குள் ஜியோஃபோன் என்னும் அதிர்வைக் கேட்கும் கருவியை இறக்கி, மேலே வெடித்து, கீழே கேட்பது. வி.எஸ்.பி. (வெர்ட்டிக்கல் சைஸ்மிக் ப்ரொஃபைல்) என்று சொல்வோம். என் முதல் ட்ரிப்பில் கிச்சனில் வேலை செய்த தமிழ்ப் பையன் ஒருவன், "அண்ணே, மீன் பிடிக்கவா வெடி போடறீங்க?" என்று கேட்டான். உங்கள் அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அது வெடிமருந்து இல்லை. ஏர்கன். சுமார் 2000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைத்த காற்றைக் கடல் நீருக்குள் ஒரே நொடியில் திறந்துவிடுவது. தண்ணீருக்கு அடியில் ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் தொங்கும். வெடிக்கும்போது டெக்கில் நிற்பவருக்குக் காதில் கேட்பதைவிடக் காலில்தான் அதிகம் தெரியும்.

முதல் கேள்வி, கப்பல் சர்வே பொய்யா. பொய் இல்லை. ஆனால் அது ஆழத்தை மீட்டரில் சொல்லுவதில்லை, நேரத்தில் சொல்லுகிறது. கப்பலிலிருந்து போன ஒலி கீழே ஒரு பாறையில் பட்டுத் திரும்பி வர இத்தனை செகண்ட் ஆயிற்று என்பதுதான் அதில் பதிவாவது. டிரில்லருக்கோ மீட்டர் வேண்டும். ஒன்றை இன்னொன்றாக மாற்ற, நடுவில் இருக்கும் பாறைக்குள் ஒலி என்ன வேகத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். கிணறே இல்லாத இடத்தில் அந்த வேகம் ஒரு மதிப்பீடுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திரும்பி வர 1.9 செகண்ட் என்றால் ஒரு வழிக்கு 0.95. சராசரி வேகம் செகண்டுக்கு 2500 மீட்டர் என்று வைத்தால் ஆழம் 2375 மீட்டர். அந்த வேகம் வெறும் 2 விழுக்காடு பிசகினால் கிட்டத்தட்ட 47 மீட்டர் பிசகிவிடும். பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. படம் அருமையாக இருக்கும், அளவுகோல்தான் கொஞ்சம் ரப்பர்.

கிணற்றுக்குள் ஜியோஃபோனை இறக்குவதன் முதல் பயன் இதுதான். மேலே எப்போது வெடித்தது என்று ஏர்கன் பக்கத்தில் தொங்கும் ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக், சொல்லும். எந்த ஆழத்தில் கேட்கிறோம் என்று கம்பியின் நீளம் சொல்லும். ஒலி நேராக வந்து சேர எடுத்த நேரம் கையில் கிடைத்துவிடும். இதில் ஊகமே கிடையாது, அளவு. இந்தக் கிணற்றில் இந்த மில்லி செகண்ட் என்றால் இந்த மீட்டர் என்று அடித்துச் சொல்லலாம். இதை மட்டும் செய்தால் செக் ஷாட். பதினைந்து இருபது மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, கருவியின் கையை விரித்துக் கிணற்றுச் சுவரோடு அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலைந்து தடவை வெடித்துப் பதிந்தால் வி.எஸ்.பி. உங்கள் அண்ணன் ராத்திரி முழுக்க வெடி கேட்டதற்குக் காரணம் இந்த நிறுத்தங்கள்தான்.

வி.எஸ்.பி.யில் இன்னொன்றும் கிடைக்கிறது. கருவியைத் தாண்டிக் கீழே போன ஒலி, அடியில் இருக்கும் பாறைகளில் பட்டுத் திரும்பி மேலே வரும்போது மறுபடி நம் கருவியைக் கடக்கும். திரையில் பார்த்தால், நேராக வந்த ஒலி ஒரு சாய்ந்த கோடு; ஆழம் கூடக்கூட நேரம் கூடும். திரும்பி வருவது எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. ஆழம் கூடக்கூட நேரம் குறையும். இரண்டும் சந்திக்கும் இடம்தான் அந்தப் பாறை இருக்கும் ஆழம். இந்த இரண்டு கோடும் மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி ஒரு புள்ளியில் சேருவதைத் திரையில் பார்க்கும் சுகம், இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். சந்தேகமே இல்லாமல் சொல்லலாம், இந்த எதிரொலி இங்கேதான் பிறந்தது என்று.

படத்தின் கூர்மையும் கூடும். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு நடந்து போனவர்களுக்குத் தெரியும். தூரத்தில் வரும்போது ஒலிபெருக்கிப் பாட்டில் மத்தளம் மட்டும் கேட்கும், வார்த்தை புரியாது. கிட்டே போகப்போக வார்த்தை தெளியும். பாறையும் அப்படித்தான், உச்ச ஒலியை முதலில் தின்றுவிடும், தாழ்ந்த ஒலியை விட்டுவைக்கும். கப்பல் சர்வேயில் ஒலி இறங்கி, ஏறி, இரண்டு தடவை தின்னப்படுகிறது. கிணற்றுக்குள் கேட்கும்போது ஏறுகிற பயணம் பெரும்பாலும் மிச்சப்படுகிறது. ஆழத்தில் கப்பல் சர்வேயில் 30 ஹெர்ட்ஸ் கிடைக்கிற இடத்தில் வி.எஸ்.பி.யில் 70, 80 வரை கிடைப்பது சாதாரணம். செகண்டுக்கு 3000 மீட்டர் வேகப் பாறையில் 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்குக் குறைந்த படிவத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிரித்துப் பார்க்க முடியாது. 75 ஹெர்ட்ஸ் என்றால் அந்த எல்லை 10 மீட்டர்.

நம் நாட்டுக் கடலில் இது இடத்துக்கு இடம் வேறு மாதிரி இருக்கும். 1998இல் உற்பத்தி தொடங்கிய யடனா காஸ் வயலில் காஸ் இருப்பது மையோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில். களிமண் பாறைக்கு அடியில் கெட்டியான சுண்ணாம்புக்கல் என்றால் எதிரொலி பளிச்சென்று வரும், மேல்விளிம்பைப் பிடிப்பது சுலபம். ரக்கைன் கடலில் 2004இல் கண்டுபிடித்து 2013இல் உற்பத்தி தொடங்கிய ஷ்வேயில் கதை வேறு. அங்கே ப்ளையோசீன் காலத்தில் கடலடிச் சரிவில் வழிந்து வந்து படிந்த மணல். மெல்லிசான அடுக்குகள், களிமண்ணும் மணலும் மாறி மாறி. அந்த மாதிரி இடத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ஹெர்ட்ஸும் காசு பெறும்.

இப்போது கேசிங் விஷயம். உங்கள் அண்ணன் கிணற்றின் ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை, அதனால் ஊகமாகத்தான் சொல்கிறேன்; ஆனால் இந்த வரிசையில் நடந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அவர்கள் பார்த்தது பிட்டுக்கு (தோண்டும் முனைக்கு) கீழே இன்னும் தோண்டாத பாறையை. கிணற்றின் அடியில் கருவி நிற்கும்போது, அதற்கும் கீழே சில நூறு மீட்டரிலிருந்து வரும் எதிரொலியும் பதிவாகும். எந்த ஆழத்தில் பாறையின் வேகம் திடீரென்று குறைகிறது என்று அதிலிருந்து கணக்கிடலாம். வேகம் குறைவது ஏன் பயம்? தயிரைத் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டி, தயிர் கெட்டியாகும். துணிக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிவிட்டால்? தண்ணீர் உள்ளேயே நிற்கும், மூட்டையை அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும். கடலடிக் களிமண்ணும் வேகமாகப் படிந்து மூடிக்கொண்டால் தண்ணீர் வெளியேற வழி கிடைக்காது. மேலே ஏறும் பாறையின் பாரத்தைத் தண்ணீர் சுமக்க ஆரம்பிக்கும். அதுதான் உயர் அழுத்தம், அப்படிப்பட்ட களிமண்ணில் ஒலி மெதுவாகத்தான் போகும். ரக்கைன் கரையில் ராம்ரீ, செடுபா தீவுகளில் சேறு கொப்புளிக்கும் மேடுகளைப் பார்த்திருந்தால், மண்ணுக்கு அடியில் அடைபட்ட காஸும் தண்ணீரும் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மின்புவில் இருப்பதை நாகம் மூச்சு விடுகிறது என்று பர்மியர் சொல்வதும் சும்மா இல்லை.

இந்த அழுத்தத்தை அடக்குவது கிணற்றில் நிரம்பியிருக்கும் மட், அதாவது தோண்டும்போது ஊற்றும் கனமான சேற்றுத் திரவம், அதன் எடை. 2200 மீட்டரில் வெறும் தண்ணீர் நிரம்பிய கிணறு என்றால் அடியில் சுமார் 215 பார் அழுத்தம் இருக்கும். பாறைக்குள் 280 இருந்தால் மட்டைக் கனமாக்க வேண்டும். ஆனால் கனமான மட்டைப் போட்டால் மேலே இருக்கும் பலவீனமான பாறை உடைந்து மட் அதற்குள் ஓடிவிடும். அதனால் அந்த மேல் பகுதியைக் கேசிங் குழாயால் மூடி சிமெண்ட் போட்ட பிறகுதான் கனமான மட்டோடு கீழே இறங்கலாம். கேசிங்கை ரொம்ப மேலே நிறுத்தினால் அடுத்த குழாய் போதாமல் போகும். ரொம்பக் கீழே போக ஆசைப்பட்டால் கேசிங் இல்லாமலே அழுத்தத்துக்குள் நுழைந்துவிடுவோம். அப்போது பாறைக்குள் இருக்கும் காஸோ தண்ணீரோ கிணற்றுக்குள் பாய்ந்துவிடும்; கிக் என்று ரிக்கில் சொல்வது அதைத்தான். உயர் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட மேலேயே ஆரம்பிக்கிறது என்று எதிரொலி சொல்லியிருக்கும், ரிக்கில் கம்பெனியின் பிரதிநிதியான கம்பெனி மேன் 9⅝ அங்குலக் கேசிங்கை முன்னதாக நிறுத்தச் சொல்லியிருப்பார். மறுநாள் ஆழம் மாறியதற்கு என் ஊகம் இதுதான்.

இது எவ்வளவு நம்பகமானது என்று கேட்டால், இரண்டு கதை சொல்கிறேன். ஒரு கிணற்றில் பிட் 2140 மீட்டரில் நின்றது. வேகம் குறையும் இடம் 2230, முன்னே பின்னே 25 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். 2238இல் வந்தது. அன்றைக்கு மெஸ்ஸில் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்து, மட்டோடு வரும் பாறைத் துகளைப் பார்க்கும் மட் லாகர் என்னைக் கொண்டாடினான். இன்னொரு கிணற்றில் பிட் 1750இல் நின்றது. கீழே சுண்ணாம்புக்கல், அதன் மேல்விளிம்பு எங்கே என்று கேள்வி. பிட்டிலிருந்து அங்கே போய்த் திரும்ப 0.14 செகண்ட் என்று சுத்தமாகத் தெரிந்தது. அதுவரை தோண்டிய பாறையில் வேகம் 3000. சரி, கீழேயும் அப்படித்தான் இருக்கும் என்று 0.07ஐ 3000ஆல் பெருக்கி 210 மீட்டர், ஆகவே 1960 என்று அழுத்தந்திருத்தமாக எழுதினேன். சுண்ணாம்புக்கல் 2009இல் வந்தது. நடுவில் இருந்த களிமண்ணில் சுண்ணாம்புக் கலப்பு கூடிக்கொண்டே போய், வேகம் 3700 ஆகிவிட்டிருந்தது. எதிரொலி சொன்ன நேரம் துல்லியம். தப்பு என் வேகம். 49 மீட்டருக்கு டிரில்லர் ஒவ்வொரு மீட்டரும் மெதுவாக, எப்போது வருமோ என்று தோண்டினார். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் நான் மெஸ் பக்கம் போகவே இல்லை.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கருவி நின்ற ஆழம் வரைக்கும் வி.எஸ்.பி. சொல்வது அளவு. அதற்குக் கீழே சொல்வது நேரம் மட்டும்; மீட்டர் என்று சொன்னால் அதில் ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது, தூரம் கூடக்கூட ஊகம் கூடும். 50 மீட்டர் முன்னால் இருப்பதைப் பற்றி நம்பிப் பேசலாம். 500 மீட்டர் முன்னால் என்றால் நான் பென்சிலால்தான் எழுதுவேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே சொன்ன மூக்கு முட்டும் சோதனை, தோண்டாத ஆழத்துக்குச் செய்ய முடியாது, கோடுகள் இன்னும் சந்திக்கவில்லையே. அதனால் பக்கத்தில் இருக்கும் ஒரு பிளவிலிருந்து வந்த எதிரொலியோ, இரண்டு பாறைக்கு நடுவில் பந்து மாதிரிக் குதித்து வந்த ஒலியோ, கீழே ஒரு பாறை இருக்கிற மாதிரி வேஷம் போட முடியும்.

கேசிங்கும் சதி செய்யும். குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், ஜியோஃபோன் பாறையைக் கேட்காது, குழாய் மணி மாதிரி அடிப்பதைத்தான் கேட்கும். கிணற்று மட்டிலேயே வழுக்கிக்கொண்டு செகண்டுக்குச் சுமார் 1450 மீட்டரில் வரும் ட்யூப் வேவ் வேறு. எனக்கு முந்தைய தலைமுறைக்காரர்களும் இதோடு மல்லுக்கட்டியவர்கள்தான். சோவியத் நாட்டில் கால்பெரின் என்பவர் 1950களில், 60களில் இந்த முறையை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்தார். கிணற்றில் ஒலி அனுப்பித் தாதுப் படிவம் தேடலாம் என்று ஃபெசென்டன் 1917லேயே அமெரிக்காவில் பேடண்ட் வாங்கியிருந்தார். ஆக, புது விஷயம் ஒன்றும் இல்லை. கருவிதான் மாறியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி, காஸ் இருக்கும் இடத்தைக் காட்டுமா. வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். காபிமிக்ஸ் பாக்கெட்டைக் கோப்பையில் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றி, வேகமாகக் கலக்கி, உடனே ஸ்பூனால் கோப்பையின் அடியில் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் சத்தம் தாழ்வாக இருக்கும், பத்து இருபது செகண்டில் மெல்ல மெல்ல ஏறும். கலக்கும்போது உள்ளே புகுந்த குட்டிக் குமிழிகள் ஒலியை மெதுவாக்குகின்றன. குமிழி வெளியேறும்போது வேகம் திரும்புகிறது. குமிழி எத்தனை சதவீதம் இருக்கும்? மிகக் கொஞ்சம். ஆனால் சத்தம் அவ்வளவு மாறுகிறது. பாறையிலும் இதே கதைதான். துளைகளில் தண்ணீரோடு மிகக் கொஞ்சம் காஸ் சேர்ந்தாலே ஒலியின் வேகம் சரிந்துவிடும். அதற்கு மேல் காஸ் எவ்வளவு கூடினாலும் வேகம் அவ்வளவாக மாறாது. இதன் பொருள் என்ன? காஸ் உண்டா என்று கேட்டால் எதிரொலி ஓரளவு பதில் சொல்லும். எடுத்து விற்கும் அளவுக்கு உண்டா என்று கேட்டால் முழிக்கும். எதிரொலி பளபளக்கிறது என்று நம்பி இறங்கி, சோடா மாதிரித் தண்ணீரில் கொஞ்சம் காஸ் மட்டும் கண்டு திரும்பிய கிணறுகள் உலகம் முழுக்க உண்டு.

இந்த முழியைக் கொஞ்சம் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. பாறையை அமுக்கி விடும் அலை ஒன்று, பக்கவாட்டில் உலுக்கும் அலை ஒன்று என இரண்டு வகை. உலுக்கும் அலைக்கு உள்ளே தண்ணீரா காஸா என்பது பெரிதாகத் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டால், வேகம் குறைந்தது பாறை மாறியதாலா, உள்ளே இருப்பது மாறியதாலா என்று பிரிக்கலாம். கிணற்றுக்குள் மூன்று திசையிலும் கேட்கும் ஜியோஃபோன் இருப்பதால் உலுக்கும் அலையையும் பிடிக்க முடிகிறது. இழுவைப் படகில் ஏர்கன்னைக் கட்டிக் கிணற்றிலிருந்து தள்ளித் தள்ளி வெடித்துக்கொண்டே போவதும் இதற்காகத்தான். கோணம் மாறும்போது எதிரொலி எப்படி மாறுகிறது என்று அந்தக் கிணற்றிலேயே அளந்துவிடலாம், அப்புறம் அதை வைத்துக் கப்பல் சர்வேயின் மற்ற பகுதிகளைத் திருத்திப் படிக்கலாம். என் அபிப்பிராயத்தில் வி.எஸ்.பி.யின் மிகப் பெரிய லாபம் அந்தக் கிணற்றுக்கு இல்லை, அடுத்த ஐந்து கிணற்றுக்கு.

எட்டாத இடமும் உண்டு. நேர் மேலே வெடித்துக் கேட்டால் கிணற்றைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் தெரியும். படகில் தள்ளி வெடித்தால், படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதில் பாதி தூரம் வரைக்கும்தான் படம் கிடைக்கும், அதுவும் படகு போன பக்கம் மட்டும். மறுபக்கத்தில் ஒரு பிளவு இருந்தால் தெரியாது.

போர் போட்டுக்கொண்டே கேட்க முடியாதா என்று சிலர் கேட்பார்கள். முடியும். பிட்டுக்குப் பின்னால் குழாயிலேயே கருவியை வைத்து, புதுக் குழாய் சேர்க்க நிறுத்தும் அந்தச் சில நிமிட அமைதியில் வெடித்துக் கேட்பது ஒரு முறை. அதில் முழு அலைப் பதிவு கருவியின் மெமரியிலேயே கிடக்கும். மட்டின் வழியாக மேலே வரும் செய்தி நத்தை வேகம், அதனால் முக்கியமான நேரங்கள் மட்டும்தான் உடனே கிடைக்கும். நான் இதை நாலு கிணற்றில்தான் செய்திருக்கிறேன். கேசிங் ஆழத்தைத் தீர்மானிக்க அது போதும் என்பது என் அனுபவம், நுணுக்கமான படத்துக்குக் கம்பியில் இறக்குவதே மேல். ரிக்குக்கு ஒவ்வொரு மணி நேரமும் பணம், எனவே பேரம் எப்போதும் அந்த மணிக்கணக்கில்தான் நடக்கும்.

வேலை நிலைக்குமா என்பதற்கு வருகிறேன். காஸ் இருக்கிறதா, எவ்வளவு ஓடும் என்பதை வி.எஸ்.பி. தீர்மானிப்பதில்லை. கேசிங்குக்கு அப்புறம் காஸ் பாறைக்குள் போய், லாக் (பாறையைக் கருவியால் அளக்கும் பதிவு) எடுத்து, கிணற்றைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கும் டெஸ்ட்தான் தீர்மானிக்கும். ஆழம் மாறியது கெட்ட செய்தி இல்லை. கிணற்றைப் பத்திரமாகக் கீழே கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் இந்தக் கிணற்றுக்கு அப்புறம் அடுத்தது உண்டா என்பது பாறைக்கு வெளியே இருக்கும் விஷயம். 2022இல் டோட்டல் கம்பெனியும், 2024இல் செவ்ரான் கம்பெனியும் யடனாவை விட்டுப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஒன்று மட்டும் அண்ணனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை ஏர்கன் இறக்கும்போது, ஹோஸில் காற்றழுத்தம் இருக்கிற வரைக்கும் அந்த ஏர் ஹோஸ் பக்கம் நிற்க வேண்டாம். 2000 பி.எஸ்.ஐ. ஏறிய ஹோஸின் ஜாயிண்ட் கழன்று சாட்டை மாதிரி டெக்கைத் துடைத்துக்கொண்டு போனதை நான் ஒரு தடவை பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.